அறிக்கையில் நான்கு பெயர்களை நீக்கிய மகாதேவி அம்மையாருக்கு

பழனியில் பிறந்து, பனிமலையில் பணியேற்று, பயிற்சி முடித்த பெண்களுக்குப் பட்டறைக் கதவுகளைத் திறந்துவைத்த பண்பாளரே. சொன்ன சொல்லில் நின்று, நின்ற இடத்தில் நிலைத்த நேர்மையாளரே. குறிஞ்சிமலை மகளிர் தொழிற்பயிற்சி நிலையத்தின் வேலைவாய்ப்பு அலுவலராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்து இன்று பணிநிறைவு பெறும் அன்புக்குரிய மகாதேவி அம்மையீர், வணக்கம்.

தங்கள் பொறுமையையும் புன்னகையையும் காலந்தவறாமையையும் வரிசையாகப் பாடலாம். அவை இந்த அவை முழுவதும் அறிந்தவை. ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்ல விரும்புகிறோம். தங்களுக்குப் பெருமையும் எங்களுக்குக் கூச்சமும் தருவது அது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தையலும் தட்டச்சும் மட்டுமே இருந்த நம் நிலையத்தில் மின்பணியாளர் பிரிவின் முதல் அணி தேறி வெளியே வந்தது. பூம்பாறை, பாச்சலூர், பெரும்பாறை என்று மலையின் மேலிருந்தும் கீழிருந்தும், வீட்டாரோடு வாதாடி வந்து சேர்ந்த பதினாறு பெண்கள். அவர்களில் எட்டுப் பேராவது வேலைக்குப் போனால்தான் பிரிவு தொடரும் என்பது விதி. தாங்கள் ஒன்பது பேருக்கு வேலை தேடித் தந்தீர்கள். அந்த ஒன்பதில் நால்வரை ஒரு பெரிய தங்கும் விடுதி மின்பணியாளர்களாக எடுத்துக்கொண்டது. நாங்கள் இனிப்பு வாங்கி உண்டோம்.

மூன்று வாரம் கழித்து அவர்களைப் பார்க்கப் போனீர்கள். நால்வரும் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

பூம்பாறைப் பூண்டு விவசாயி திருமலைச்சாமியின் மகள் சுசித்ராதான் பேசினார். “கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். சம்பளம் ஒழுங்கா வருது. டெஸ்டரக் கையில தொட்டுத்தான் இருவது நாளாச்சு.”

விடுதி மேலாளரிடம் கேட்டீர்கள். “பொண்ணுங்க ஏணியில ஏறுனா கெஸ்ட் என்ன நினைப்பாங்க மேடம்? வேலை குடுத்தாச்சுல்ல, எந்த வேலையா இருந்தா என்ன?” என்றார் அவர்.

தாங்கள் நால்வரையும் வெளியே அழைத்து, வருவதும் இருப்பதும் அவரவர் விருப்பம் என்றீர்கள். மூவர் உடன் வந்தார்கள். தந்தை நோயில் கிடந்ததால் புவனா மட்டும் அங்கேயே இருந்தார். அவரை யாரும் ஒரு சொல் குறையாகப் பேசத் தாங்கள் விடவில்லை.

மறுவாரம் ஆண்டறிக்கைக் கூட்டம். அறிக்கையில் நால்வரின் பெயர்களை நீக்கி, ஒன்பது என்ற எண்ணை அடித்து ஐந்து என்று எழுதி மேசைமேல் வைத்தீர்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் பிரசாந்த் கேட்டார்: “நாலு பேரும் சம்பளம் வாங்குனாங்கள்ல மேடம்? அத எழுதுறதுல என்ன பொய்?”

“வாங்குனாங்க சார். படிச்ச வேலைக்கு வாங்கல. இத எழுதி அனுப்பிட்டா, அடுத்த வருசமும் நாலு பிள்ளைங்க அங்கன போயி துணிதான் மடிக்கும்.”

பழைய எண்ணையே அனுப்பலாம் என்று பதினொரு கைகள் உயர்ந்தன. அவற்றில் பிரசாந்தின் கையும் உண்டு. இந்த மடலை எழுதியவரும் அவரே. ஆயினும் அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவர் தாங்கள். ஐந்து என்றே அனுப்பினீர்கள். ஆறு மாதத்துக்குள் எட்டு ஆகாவிட்டால் பிரிவை மூடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்துக்கு அடுத்த நாள் திருமலைச்சாமி வந்தார். “வந்த சோலியையும் கெடுத்து, பிள்ளைய வீட்டுல உக்கார வச்சுட்டீங்களேம்மா. ஊருல எனக்கு என்ன மரியாத கெடக்கு?” என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். தாங்கள் எழுந்து நின்றீர்கள். “தப்பு என் மேலதாங்க. என்ன வேலைன்னு நேர்ல பாக்காம அனுப்பிட்டேன். எனக்கு ஆறு மாசம் குடுங்க” என்றீர்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அன்று தாங்கள் மதிய உணவை உண்ணவில்லை என்பதைக் கவனித்தும், கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் பேருந்து பிடித்து மலையிறங்கினீர்கள். பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று பட்டறை பட்டறையாக ஏறி, எங்கும் மூன்றே கேள்விகள் கேட்டீர்கள்: பெண்கள் கையில் எந்த வேலையைக் கொடுப்பீர்கள்? உடன் நின்று யார் காட்டித் தருவார்கள்? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா?

பழனியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த ஜெயமுருகன் முதலிரண்டுக்கும் நல்ல பதில் சொன்னார். மூன்றாவதற்கு, “இங்க பொம்பளைங்க வேலை பாத்ததே இல்லீங்க, கழிப்பறைக்கு எங்க போக?” என்றார்.

“கட்டிட்டுச் சொல்லுங்க, ஆள் வரும்” என்று தாங்கள் எழுந்துவிட்டீர்கள். கைக்கு வந்ததை விட்டுவிட்டாரே என்று இங்கே நாங்கள் முணுமுணுத்தோம்.

ஐந்தாம் மாதம் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் பிரசாந்த். “கட்டியாச்சுங்க. வெரசா ஆள அனுப்பச் சொல்லுங்க, பதினாறு மோட்டாரு கெடக்கு” என்றார் ஜெயமுருகன். விடுதியை விட்டு வந்த மூவரும் போனார்கள். ஐந்தோடு மூன்று சேர்ந்து எட்டாயிற்று, பிரிவு பிழைத்தது.

சுசித்ரா இன்று பூம்பாறையில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறார். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறார். அவருடைய தந்தை இந்த அரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். புவனா இரண்டு ஆண்டு துணி மடித்தபின், தாங்கள் அழைக்க, மீண்டும் பயிற்சிக்கு வந்தார்; ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறை இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. அந்த முதல் அணிக்குப் பின் எல்லாப் பிரிவுகளிலுமாக இருநூற்று நாற்பது பெண்கள் தாம் கற்ற தொழிலுக்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவரின் பணியிடத்தையும் தாங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்கள்.

அஞ்சாமையின் அணிகலனே, அம்மையீர். ஒன்பது ஆண்டுகளாகத் தங்களோடு ஒரே அறையில் தேநீர் குடித்தும், நாங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று தாங்கள் செய்தது சரி. நாங்கள் நினைத்தது தவறு. பிரிவு பிழைக்காமல் போயிருந்தாலும் அது சரியாகவே இருந்திருக்கும். அவையோர் அனைவரும் கேட்க அதைச் சொல்லவே இம்மடலைப் படிக்கிறோம்.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை நடத்தும் தங்கள் கணவர் திரு. குழந்தைவேல், இனி ஞாயிறு தவிர மற்ற நாள்களிலும் தங்களைக் காண்பார் என்று மகிழ்கிறோம். மூட்டுவலி தணிந்து, முகமலர்ச்சி குன்றாது, நோயற்ற நெடுவாழ்வு தாங்கள் காண வேண்டும். வெள்ளனே எழுந்து எந்தப் பேருந்துக்கும் ஓடத் தேவையில்லாத காலைகள் பல ஆயிரம் தங்களுக்கு வாய்க்கட்டும்.

நன்றியும் பெருமிதமும் நிறைந்த நெஞ்சினராய்,
ஆசிரியர்களும் அலுவலர்களும், அன்று கை உயர்த்திய பதினொருவர் உட்பட,
குறிஞ்சிமலை மகளிர் தொழிற்பயிற்சி நிலையம்,
கொடைக்கானல்.