சபை அனுப்பிய ரொட்டி

— புல்லையா திங்கிறீங்க, யோவேசரண்ணே?

— வேற என்னத்தத் திங்க, மல்கியா? சபையை விட்டுத் துரத்துனாங்க, சபையில செஞ்ச சத்தியம் என்னை விடல. வெளியாள் கை பட்ட சோத்தைத் தொடமாட்டேன்னு சொன்னவன்டா நான். இந்த உப்புக்கடல் ஓரத்துல புல்லு கெடைக்கறதே பெருசு.

— முப்பது நாளாச்சு. எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க.

— ஒரு ஆட்டுக்குட்டிக்காக! சட்டம் சட்டம்னு பேசுற அந்தப் பரிசேயருங்ககூட, வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாள்ல குழியில விழுந்த ஆட்டைத் தூக்கி விட்டுருவாங்க. நம்மாளுங்களுக்குத்தான் அது பெரிய குத்தம். காலு ஒடிஞ்சு கத்துச்சுடா அது, கேட்டுக்கிட்டு சும்மா நிக்கவா முடியும்?

— அதைத் தூக்குன கயித்தோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சவன் நான். என் பேரை நீங்க சொல்லவே இல்ல.

— கூட யாருன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா கேளு. என்னைத் திரும்பச் சேத்தா, சகோதரங்ககிட்ட எதையும் மறைக்கமாட்டேன்னு மறுபடி சத்தியம் வாங்குவாங்க. அப்போ எனக்கு மறைக்க வராது. அதுக்குள்ள நீயே போய் ஒத்துக்க.

— என்னையும் துரத்திருவாங்கண்ணே! இந்தப் புல்லைத் தின்னு நான் ஒரு வாரம் தாங்கமாட்டேன்.

— கிறுக்கா, தானா வந்து சொன்னவனுக்குத் தண்டனை கம்மி. கொஞ்ச நாள் பந்தியில கடைசியில உக்கார வைப்பாங்க, அவ்வளவுதான். நானும் கூட நிப்பேன்.

— சரிண்ணே. நாளைக்கே சொல்லிடறேன். சத்தியமா.

— எடுத்ததுக்கெல்லாம் சத்தியம் பண்ணாதன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்? நீ சரின்னா எனக்குப் போதும்.

— இந்தாங்க. ரொட்டி.

— ஏதுடா?

— நம்ம சபை அடுப்புல சுட்டது. பெரியவங்களே இரக்கப்பட்டுக் குடுத்து விட்டாங்க.

— மெய்யாவா? அப்போ... என்னைச் சேத்துக்கப் போறாங்களா?

— சாப்பிடுங்கண்ணே.

— இருடா, நன்றி சொல்லாம எப்படி வாயில வைக்கிறது? ஆண்டவரே, நீர் என்னை மறக்கல... ம்ம். உப்புதான் கொஞ்சம் தூக்கல். என்னடா, நான் சாப்பிட்டா நீ எதுக்கு அழுவுற?

— அது எரிகோ ஊர்ச் சந்தையில, வெளியாளுங்ககிட்ட வாங்குனதுண்ணே.

— என்னது?

— துப்பாதீங்க. விழுங்கிட்டீங்க.

— அடப்பாவி! உன்னைக் காட்டிக் குடுக்காம இருந்தேனேடா! பெரியவங்க எம்மேல இரக்கப்பட்டதா சொன்னியே, அதுவும் பொய்யா?

— அது நெசம். சந்தை ரொட்டின்னு சொல்லி நீட்டு, அவர் வேணாம்னா இன்னைக்கே கையோட கூட்டிட்டு வான்னுதான் அனுப்புனாங்க. நீங்க திரும்பி வந்தா என் பேரு வெளிய வந்துருமேண்ணே. அந்தா, மேட்டுல நிக்கிற சபையோட ரெண்டு சாட்சிக்கும் நீங்க தின்னது தெரியும், நான் சொன்ன பொய் அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது.