முகம் திருப்பாதவன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் எனக்கு ஒரு கோப்பி குடித்தாக வேண்டும். அறுபத்தொரு வயதில் என்னிடம் இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் அதுதான். ஒரேத்தோத் தெருவில் எங்கள் ஆட்கள் கூடுகிற ஒரு கோப்பிப் பாரில்தான் குடிப்பேன். என் இத்தாலியன் வீடு துடைத்துப் பழகிய இத்தாலியன், இதற்குப் போதாது. ஆகவே என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன், ஐயா. மொழிபெயர்க்கிற பிள்ளை நிரோசினி ஒரு சொல்லும் விடாமல் சொல்லட்டும்.

என் பெயர் அருளையா. சொந்த இடம் மன்னார். பள்ளிக் காலத்தில் ஹொக்கி ஆடியவன். இங்கே எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் தெரியும். அவர்களை ஹொக்கி பார்க்க வைத்தவன் றொனி. பத்தொன்பது வயது. மாடிப்படி கழுவிப் பிழைக்கிற செலஸ்ரீனாவின் ஒரே மகன். அவன் இங்கத்தைய கழகத்துக்கு ஆடத் தொடங்கியபின் பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். மட்டையை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாதவனெல்லாம் பாரில் குந்தியிருந்து அவனுடைய பலம், பலவீனம் பற்றித் தீர்ப்புச் சொன்னான். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நியாயமானவன். அவனுடைய வேகத்தை ஒப்புக்கொண்டேன். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு வருவதை ஒப்புக்கொண்டேன். கடைசிப் பதினைந்து நிமிடம் களைத்துப்போகிறான் என்று பாரில் கூட இருக்கிற விமலராஜ் சொன்னபோது, அதுகூட இல்லை என்று அவனுக்காகப் பேசியவன் நான்தான். ஒன்றை மட்டும் சொன்னேன். அவனுக்குப் பந்துக்குப் பயம்.

பெனால்ட்டி கோர்னர் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காக்கிற பக்கத்தில் நாலு பேரும் கோலியும் கோல் கோட்டில் நிற்பார்கள். பந்து உள்ளே வந்ததும் ஒருவன் அடிக்கிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். கல்லுப் போன்ற பந்து நெஞ்சுக்கோ முகத்துக்கோ வரும். அந்த வேலைக்கு முகத்தில் பிளாஸ்ரிக் மாஸ்க் போடுவார்கள். போடத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒரு பொருளே இல்லை. றொனி மாஸ்க்கோடு பாய்ந்து ஓடுவதைப் பார்த்து இவர்கள் சிங்கம் என்றார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓடட்டும், முகத்தைத் திருப்புவான் என்றேன். இரண்டு வருடம் இதையே சொன்னேன், ஒருவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு. வியா மக்வேதாத் தெருவில் கடை துடைக்கிற கிறிகோரி, பார் நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டான்.

"அண்ணை, பொடியன் பயப்பிடுறான் எண்டுறியள். அப்ப நீங்கள் பள்ளிக்கூட பைனலிலை என்ன செய்தனீங்கள்? கனடாவிலை இருக்கிற உங்கடை கூட்டாளி எல்லாம் சொல்லிப்போட்டார். முகத்தைத் திருப்பினியளாம், பந்து கோலுக்கை போச்சாம்."

சிரித்தார்கள். அன்றைக்கே வாட்ஸப் குழுவில் என் படத்தைக் கழுத்துத் திரும்பினபடி வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. மூலையில் இருந்த றொனி எழும்பி வந்து என் தோளில் கை வைத்தான்.

"விடுங்கோ கிறிகோரி அண்ணை. பந்து வரேக்கை எனக்கும் பயம்தான். அங்கிள் சொல்லுறது சரி."

எல்லோரும் அவனுடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். நான் இரண்டு வருடம் தொண்டை கிழியச் சொன்னதை அவன் எனக்குப் பிச்சை போடுவதுபோலச் சொன்னான். அவன் பொய் சொல்கிறான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனேன். அது கோபம், ஐயா. வெட்கம் இல்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை செலஸ்ரீனா என்னிடம் வந்தாள். றோமிலிருந்து தேசிய இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறார்களாம். புனித றொசாலியா அம்மாவுக்கு என்ன நேர்த்தி வைக்கலாம் என்று கேட்டாள். எங்கள் ஆட்கள், சைவக்காரரும் சேர்த்து, ஞாயிறு விடிய அம்மாவின் குகைக்கோயில் இருக்கிற பெல்லெகிரினோ மலைக்கு நடந்து ஏறுவது உங்களுக்குத் தெரியும். முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போகிறவன் நான். நேர்த்தி முறை எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள்.

"அவனிட்டை உள்ளதிலை அவனைக் காக்கிற சாமானைக் குடு, பிள்ளை. அந்த மாஸ்க்கை அம்மாவின்ரை காலடியிலை வை."

"அப்ப வேறை ஒண்டு வாங்கிப் போடட்டோ அண்ணை?"

"குடுத்ததுக்குப் பதிலாய் இன்னொண்டு போட்டால் நேர்த்தி பலிக்காது."

"முகத்திலை ஏதும் பட்டால்?"

"அம்மாவிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?"

அவள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் ஞாயிறு. வெறுங்காலோடு மலை ஏறினாள். மாஸ்க்கை ஒரு புதுத் துவாயில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது, மாஸ்க்கை நான் வாங்கிக்கொண்டு போனேன். குகைக்குள் மற்றவர்கள் நேர்த்திக்கு வைத்துவிட்டுப் போன வெள்ளிக் கை கால்களுக்குப் பக்கத்தில் நானே வைத்தேன்.

அப்படி ஒரு முறை கிடையாது. அதை அவளுக்குச் சொன்ன அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கினேன். பங்குத் தந்தையிடம் அவள் பிறகு விசாரித்திருக்கிறாள். அதனால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு. அடிக்கிறவனுக்குப் பின்னால், வேலியோரம், நேரத்தோடு போய் இடம் பிடித்தேன். கோலிலிருந்து ஓடி வருகிறவனின் முகம் அங்கிருந்துதான் தெரியும். முதல் கோர்னருக்குப் பயிற்சியாளர் கழகத்து மாஸ்க் ஒன்றை றொனியிடம் நீட்டினார். அவன் தாயைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் கோட்டில் நின்றான். அதில் பந்து அவன் மட்டையில் பட்டுப் போனது. இரண்டாவது வெளியே போனது. மூன்றாவதுக்கு அவன் முன்னதைவிட வேகமாக ஓடி வந்தான்.

இடது கண் போய்விட்டது. கன்ன எலும்பை மூன்று தகடு வைத்துப் பொருத்தியிருக்கிறார்களாம். கோல் விழவில்லை.

நீங்கள் மூன்று முறை என்ன நினைத்து இதைச் செய்தாய் என்று கேட்டீர்கள். அவன் முகத்தைத் திருப்புவான், றோமிலிருந்து வந்தவர்கள் பார்ப்பார்கள், கிறிகோரி வாயை மூடுவான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் சொன்னேன். அது பாதி. முகத்தைத் திருப்பாதவனுக்கு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் எனக்கு முன்பு அந்த இடத்தில் ஓடியவன் திருப்பவில்லை. அவனுடைய பல்லை நான்தான் புல்லில் பொறுக்கிக் கொடுத்தேன். பைனலில் நான் திருப்பியது அதனால்தான். றொனி திருப்பினால் நான் சொன்னது சரி, திருப்பாவிட்டால் அவன் இனி ஓட மாட்டான். இரண்டில் எது நடந்தாலும் எனக்குப் போதுமாயிருந்தது. தெரிந்துதான் அந்தத் தாயை மலை ஏற்றினேன். இதில் வேறு எவருக்கும் பங்கில்லை.

நேற்று விமலராஜ் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்கள். அவன் கழுத்து ஒரு விரற்கடைகூடத் திரும்பவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பந்து படுவதற்குச் சற்று முன் நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள், ஐயா. கிறிகோரியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். றொனி கண்ணை மூடியிருக்கிறான்.