டீக்கடையில் காத்திருந்த செந்தில்குமார்

மேடையில் வீற்றிருக்கும் டாக்டர் கயல் அவர்களே, மகனைப் பறிகொடுத்த துயரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொன்னுரங்கம் ஐயா அவர்களே, தி.நகரின் இந்தச் சின்ன அரங்கம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் தோழர்களே, பெற்றோர்களே, உங்கள் எல்லோருக்கும் சாய்சரணின் வணக்கம்.

நமது வடபழனி ஆலோசனை மையத்தின் தூண், அண்ணன் செந்தில்குமார் மாரடைப்பால் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தேன். ஆனால் நன்றி சொல்லாமல் எப்படி அழுவது?

தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட ஆண்கள் நாம். பரிசோதனைக்குக்கூட முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள். நம் முகத்தைப் பார்த்து, ஆணுறை முதல் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை வரை கூச்சமில்லாமல் பேசியவர் யார்? செந்தில் அண்ணன்! நம்மில் ஒருவர் வீட்டில் உண்மையைச் சொல்லப் போனால், அந்தத் தெருமுனை டீக்கடையில் காத்திருந்தவர் யார்? அவரேதான்!

"வூட்ல சொல்றதையும் டெஸ்ட் பத்திச் சொல்றதையும் ஒரே நாள்ல வச்சுக்காத மச்சி" என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா? மயிலாப்பூரில் அம்மாவிடம் ஒரே மூச்சில் இரண்டையும் கொட்டினேன். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றது அம்மா காதில் ஏறவே இல்லை. பிள்ளைக்கு ஏதோ வியாதி, அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்று அழத் தொடங்கிவிட்டாள். போன் செய்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார் அண்ணன். ஆணை நேசிப்பது நோயே இல்லை, பரிசோதனை என்பது சர்க்கரை பார்ப்பது மாதிரி உடம்பைப் பார்த்துக்கொள்கிற வழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே தெருவுல காத்துண்டு நிக்காதீங்கோ. ஆத்துக்கே வாங்கோ" என்றாள். இன்று அவளும் வந்திருக்கிறாள்.

ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் அண்ணன் தன் வீட்டில் சொன்ன அன்று, டீக்கடையில் அவருக்காக யாரும் இல்லை. அவரைப் பெற்ற பொன்னுரங்கம் ஐயா கதவைச் சாத்திவிட்டார். மறுபடி பேச வருடங்கள் ஆயின. இதை மறைக்காமல் சொல்லச் சொன்னவர் ஐயாவேதான்.

வரும் ஞாயிறு நம் தம்பி ஒருவர், பெயர் வேண்டாம், வீட்டில் சொல்லப்போகிறார். துணைக்கு வருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். இனி யார் போவது? அடக்கம் முடிந்து திரும்பும்போது இதைத்தான் ஐயாவிடம் புலம்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளைய தைரியமா போகச் சொல்லு நைனா. டீக்கடையில நான் குந்திக்கினு இருக்கேன்."

செந்தில் அண்ணா, உங்கள் வேலை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா போகிறார். பக்கத்தில் நானும் இருப்பேன்.