ஒண்ணும் நடக்காத கப்பல்

— “ஒண்ணும் நடக்கல”ன்னு நான் எப்படி எழுதறது, எல்வுட் மாமா? வல்லேஹோ கடற்படை மியூசியத்துல ஒரே ஒரு சுவர்தான் காலி. அதுல வைக்கப்போறது உங்க கப்பலா, அப்பா கப்பலான்னு நாளைக்குக் கமிட்டியில நான்தான் சொல்லணும்.

— நடக்கலன்னா நடக்கலதான், கோரின் கண்ணு. குண்டு ஏத்திட்டுப் போற கப்பல்ல ஏதாவது நடந்திருந்தா, மாமா இங்க உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பேனா?

— அதான் சொல்றேன்மா, அப்பா நான் இருந்த க்ரூசர் போர்க்கப்பலைப் போடு. ஆறு பதக்கம்! பீரங்கிச் சத்தத்துல என் இடது காதே போச்சு.

— பதக்கம் சரி மாப்ள, சுட்ட குண்டு யார் குடுத்தது?

— நீதான் மச்சான். காய்கறி வண்டிக்காரன் மாதிரி பின்னாலயே வருவீங்களே.

— கேட்டியா கண்ணு? ரெண்டு கப்பலும் ஒட்டி ஒட்டி ஓடும். நடுவுல கம்பி கட்டி, தொட்டில் குழந்தை மாதிரி குண்டை ஆட்டி ஆட்டி அனுப்புவோம். கொரியாப் போர்லேருந்து வியட்நாம் போர் வரைக்கும் எங்க கப்பல் ஒண்ணைக்கூட கீழ போட்டதில்ல.

— ம், எழுதிக்கிட்டேன். வேற?

— துறைமுகத்துல எவனும் கிட்டவே சேர்க்கமாட்டான். குண்டு இருக்குன்னு காட்டுற நம்ம சிவப்புக் கொடியைப் பாத்தாலே “தள்ளிப் போ”ம்பான். படகு பிடிச்சு நாங்க கரைக்கு வர்றதுக்குள்ள பீர்க் கடையை மூடிடுவான். இதுல எரிமலைப் பேரு வேற, மவுண்ட் டோரன்னு! வெச்சவன் குசும்பு பிடிச்சவன். கப்பல் முழுக்க ஒருத்தன் தீக்குச்சி கிழிக்க முடியாது.

— அந்தப் பழக்கத்துலதான் என் பிறந்தநாள் கேக் மேல தண்ணியை ஊத்தினீங்க.

— மெழுகுவத்தியைப் பாத்ததும் கை தானாப் போயிடுச்சு, கண்ணு.

— சிரிப்பு வருது மாமா, ஆனா கமிட்டிக்கு இது பத்தாது.

— கப்பலை உடைச்சு இரும்பா வித்துட்டாங்க. இந்தச் சுவரும் இல்லன்னா அப்படி ஒரு கப்பல் இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும். சரி, ஒரு விஷயம் இருக்கு...

— மச்சான், வேணாம்!

— ஏம்ப்பா பதறுறீங்க?

— சும்மா அளப்பான்மா. நீ க்ரூசர்னே எழுதிடு.

— மாப்ளைக்கு வேர்க்குது பாரு! குண்டு மேல சாக்பீஸால எதிரிக்கு வசவு எழுதி அனுப்புவோம் கண்ணு. ஒரு நாள் எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தையெல்லாம் தீந்துபோச்சு. அதனால இப்படி எழுதினேன்: “இது வெடிக்கலன்னா எங்க ஊருக்கு வா. என் தங்கச்சி லெனோரா சுட்ட ‘ஆப்பிள் பை’ பலகாரத்தைத் தின்னு. அதுக்குத் தப்பினவன் எவனும் இல்ல.” கீழ விலாசம்.

— எங்க அம்மாவோட பையையா! அப்புறம்?

— எதிரிக்குப் போக வேண்டியது. நடுவுல க்ரூசர்ல குண்டு அடுக்குற தடியன் ஒருத்தன் படிச்சுத் தொலைச்சான்.

— நான் என்னடா பண்ணுவேன்? மாசக்கணக்கா டப்பாச் சாப்பாடு. ஆப்பிள் பைன்னு படிச்சதும் நாக்கு ஊறிடுச்சு. லீவு கிடைச்சதும் அந்த ஊருக்கே போயிட்டேன். சர்ச் விருந்துல அவளைத் தேடிப் பிடிச்சேன்.

— அப்பா! ஏதோ தற்செயலா அங்க பாத்துக்கிட்டதாத்தானே அம்மா சொல்வாங்க?

— அவளுக்கு அவ்வளவுதாம்மா தெரியும். மிச்சம் தெரிஞ்சா இன்னிக்கு எனக்கும் உன் மாமனுக்கும் சாப்பாடு கிடையாது. மெதுவாப் பேசு, சமையல்கட்டுல இருக்கா.

— பை எப்படிப்பா இருந்துது?

— உன் மாமன் எழுதினது அத்தனையும் நிஜம். ஆனா “நல்லாருக்கா?”ன்னு கேட்டு அவ சிரிச்சா பாரு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னேன். இன்னிவரைக்கும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இப்ப நான் என்ன மாமா எழுதறது?

— “ஒண்ணும் நடக்கல”ன்னு எழுதி வெச்சிருக்கியே, அதை அடிச்சிடு கண்ணு. எங்க கப்பலால ஒண்ணே ஒண்ணு நடந்திருக்கு. அது இப்ப பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்திருக்கு.