டீயூ, உல்வி, வால்வே காணோம்

...அதாவது தம்பி, நான் வேணும்னே பேரை வெட்டிட்டேனாம். மூணு பொம்பளைங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டாளுங்க. அட, இன்னும் மேல் பலகையில ஏறி உட்காருங்க, நீராவிக் குளியல்னா சூடு அங்கதான் நல்லாருக்கும். மூணாவது மாடிக்குப் புதுசா வந்தவர் நீங்கதானே? நான் ஹெல்டுர், நம்ம பாட்டுக் குழுவுக்குத் தலைவர். இருங்க, அடுப்புக் கல்லுல கொஞ்சம் தண்ணி ஊத்துறேன், ஆவி வரட்டும்... ஆஹா.

எங்க விட்டேன்? ஆங், பேரு. கச்சேரிக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடுவோம். பாட்டு, பாடுறவங்க பேரு, அவ்வளவுதான். கையால ஒண்ணும் பண்ண வேண்டாம், கம்ப்யூட்டர்ல ஸ்கிரிப்ட்னு குட்டி புரோகிராம் ஒண்ணு இருக்கு, ஓட்டினா அதுவே பேரையெல்லாம் பொறுக்கிக் கோத்துப் புத்தகமாக்கிடும். நம்ம ரெய்ன் எழுதினது. ரெண்டாவது மாடி. குழுவுல கீழ்ஸ்தாயியில பாடுற அடிக்குரல்னா அவன் ஒருத்தன்தான். இந்தத் தடவை ஓட்டினேன், பாருங்க, டீயூவைக் காணோம், உல்வியைக் காணோம், வால்வேயைக் காணோம். தலைவர் தேர்தல்ல எனக்கு எதிரா கை தூக்கினது யாரு? அதே மூணு பேரு. நான் என்னத்தைச் சொல்லி நம்ப வைக்கிறது, சொல்லுங்க.

ரெய்னைக் கூப்பிட்டேன். அவன் மிஷின்ல ஓட்டினா எல்லாரும் இருக்காங்க. என் மிஷின்ல ஓட்டினா மூணு பேரும் அவுட்டு. அதே ஸ்கிரிப்ட், அதே பேருங்க. எனக்குப் பொறுக்கல... எல்லார் முன்னாலயும், "எழுதத் தெரியலன்னா ஏண்டா எழுதின"ன்னு கேட்டுட்டேன். அவன் பாட்டு ஃபைலை நாற்காலியில வெச்சான், போயிட்டான். சனிக்கிழமை நாட்டோட பெரிய பாட்டு விழாவுக்குக் குழு எடுக்க வர்றாங்க. அடிக்குரல் இல்லாத குழுவை எவன் எடுப்பான்?

இன்னிக்கு... சிரிக்காதீங்க, எனக்கே சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. எஸ்-ல ஆரம்பிக்கிற சிர்யே பேரு இருக்கு, டீயூ பேரு மட்டும் ஏன் இல்லைன்னு ஸ்கிரிப்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். 'ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் எந்த எழுத்துல ஆரம்பிச்சாலும் எடு'ன்னு எழுதியிருக்கு. நம்ம எஸ்தோனிய எழுத்து வரிசையில எஸ் முடிஞ்சதும் இசட் வந்துடும்ல? டீயூவோட டி, உல்வியோட யூ, வால்வேயோட வி எல்லாம் அதுக்கப்புறம்தானே? இசட்டைப் பார்த்ததும் மிஷின் கடையைச் சாத்திட்டுப் போயிடுச்சு தம்பி. மேல ஒரே ஒரு வரி, 'இங்கிலீஷ் வரிசையில பாரு'ன்னு போட்டேன். மூணு பேரும் வந்து நின்னாங்க. நான் சமையலறையில ஆடின ஆட்டத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் விளக்குமாத்தால கூரையைத் தட்டினார்.

ரெய்ன் மிஷின்ல மொழி இங்கிலீஷ்னு வெச்சிருக்கு. அதான் அங்க ஒழுங்கா ஓடுது. என்னுதும் போன வருஷம் வரைக்கும் இங்கிலீஷ்தான். ம்... இல்ல, அது தானா மாறல. சுதந்திர நாளன்னிக்கு ஒரு ஜோர்ல... 'எஸ்தோனியாவுல இருந்துக்கிட்டு என்ன இங்கிலீஷ்'னு நான்தான் மாத்தினேன். மாத்தினதே மறந்துபோச்சு.

என்ன, எழுந்துட்டீங்க? கல்லுல இன்னும் ஒரு குவளை தண்ணி ஊத்தலாம்னு... சரி, முகமெல்லாம் சிவந்துபோச்சு, போங்க. கதவைச் சாத்துங்க. தம்பி... ஏறிப் போறப்போ ரெண்டாவது மாடியில ரெய்ன் கதவைத் தட்டுங்க. தப்பு அவனோடது இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. யாரோடதுன்னு கேட்டா... ஹெல்டுர் துண்டோட படியேறி வந்துக்கிட்டிருக்கான், அவன் வாயாலயே கேட்டுக்கோன்னு சொல்லுங்க.