பனி கொட்டினால் வரும் போன்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், தை மாத வெயில் இதமாகச் சுட, கண்ணயர்ந்திருந்தேன். முன் சீட்டு அம்மாவின் பேச்சு எழுப்பிவிட்டது.

“கனடாவுல இன்னிக்கிப் பனி கொட்டணும்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“ஏன்க்கா, ஒங்க பையன் அங்கதான இருக்கான்? பாவம்ல?” என்றார் பக்கத்திலிருந்த பெண்.

“பனி கொட்டுற ராத்திரி தெருவுல காரை நிறுத்தக் கூடாதாம். பனிய வழிச்சுத் தள்ளுற வண்டி வருமாம். அவன் வூட்டுல காரு நிறுத்த எடமில்ல; அது போற வரைக்கும் வேற எங்கயாச்சும் நிறுத்திட்டு காருலயே உக்காந்திருப்பான். தூக்கம் வராம இருக்க எனக்குப் போன் போடுவான். மத்த நாள்ல அவனுக்கு ஏது நேரம்?”

ஜன்னலுக்கு வெளியே வெடித்த பருத்திக் காடுகள் வெள்ளை வெள்ளையாக நகர்ந்தன. அந்த அம்மாவின் போன் அடித்தது.

“பனியாப்பா? எங்க நிறுத்தியிருக்க?... அப்புடியா... சரிப்பா, நீ தூங்கு.”

“என்னக்கா, அதுக்குள்ள வச்சிட்டீங்க?”

“நல்ல பனியாம். வேற வூடு மாறிட்டானாம். காருக்கு அங்கயே ஷெட்டு இருக்காம். இனிமே ராத்திரியில வெளிய போய் உக்கார வேண்டாமாம்.”

“நல்லதாப் போச்சு.”

“ஆமா, புள்ள நிம்மதியாத் தூங்குவான்” என்றவர், பெரம்பலூர் வரும்வரை போனைப் பைக்குள் வைக்கவேயில்லை.