மூன்றாவது வரிசைக் கல்

கல்லை நாக்கால் நக்கிப் பார்ப்பது அப்படியொன்றும் விசித்திரமான பழக்கம் இல்லை, ஐயா. எங்கள் கல் சேகரிப்போர் சங்கத்தில் இருபத்துமூன்று பேரும் செய்வதுதான். காய்ந்த கல் எதுவானாலும் சாம்பல் பூசிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கும் நிறத்தைக் கொஞ்சம் காட்டும். நடந்து போகும் வழியில் தண்ணீருக்கு எங்கே போவது? முப்பத்தொரு வருடம் பல் டாக்டராக இருந்தவன் என்பதால் ஊரில் உள்ள வாய்களில் என் வாய்தான் சுத்தம் என்ற நம்பிக்கையும் எனக்கு உண்டு.

ஆகவே டெய்லர் வீட்டுப் பின்சந்தில் நான் குனிந்து சுவரை நக்கியதைப் பார்த்ததாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவரை இப்போது நீங்கள் பார்க்க முடியாது என்பதால் சொல்கிறேன். மேல்தெருவின் மண் சரியாமல் தாங்கி நின்ற சுவர் அது. இரண்டு ஆள் உயரம். கரடுமுரடான கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டியிருந்தார்கள். அடியில் ஒரு சந்து, சந்துக்கு இந்தப் பக்கம் டெய்லர் வீடு. அவருடைய பின்ஜன்னலிலிருந்து உயரமான ஆள் ஒருவன் கையை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம். காலையில் நான் தனியாகவும், மாலையில் என் மனைவியோடும் அந்தச் சந்து வழியாகத்தான் நடப்போம். வண்டி வராது, வெயில் படாது.

ஒருநாள் தள்ளுவண்டி ஏதோ இடித்து, மூன்றாவது வரிசையில் ஒரு கல்லின் மூலையில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. நக்கினேன். தேன் நிறத்தில் ஒரு கோடு, அதையொட்டி வெள்ளையில் ஒரு கோடு. அகேட் என்னும் மணிக்கல். அதைச் சுவரில் வைத்துக் கட்டிய கொத்தனார் எவ்வளவு அப்பாவியாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று மதியச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

பல்லைப் பிடுங்குவது என்று மக்கள் சொல்வார்கள். நல்ல டாக்டர் பிடுங்க மாட்டான். சுற்றியிருக்கும் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவான், பல் தானாகக் கைக்கு வந்துவிடும். கல்லையும் அப்படித்தான் எடுத்தேன். பதினோரு நாள், காலையில் பத்து நிமிஷம், என்னுடைய பழைய கருவிகளை வைத்து. சுரண்டிய காரையைக் கைக்குட்டையில் கட்டி எடுத்துவந்துவிடுவேன். நடைபாதையில் குப்பை போடுவது எனக்குப் பிடிக்காது.

நாலாம் நாள் டெய்லர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். எப்போதும் அவர் உதட்டில் இரண்டு குண்டூசி இருக்கும். அவற்றை எடுக்காமலேயே பேசவும் சிரிக்கவும் பழகியிருந்தார்.

"என்ன டாக்டர், சுவருக்குப் பல் கட்டறீங்களா?"

"சொத்தை இருக்கான்னு பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க. முடிஞ்சா அப்படியே வெள்ளையாக்கி விட்டுடுங்க. எனக்கும் வெளிச்சம் கிடைக்கும்."

உள்ளே திரும்பி மனைவியிடம் எனக்கு டீ போடச் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் டீ வந்தது. டெய்லர் நல்ல மனிதர். அதை நான் எந்த இடத்திலும் மறுத்ததில்லை.

கல் வந்ததும் ஒரு குழி விழுந்தது. அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவு வீட்டில் இரண்டு டப்பா மிச்சம் இருந்தது. அதைக் குழைத்து, எடுத்த கல்லின் வடிவத்திலேயே முகம் செய்து அடைத்தேன். டீ டிகாஷனும் கொஞ்சம் கரியும் கலந்து பூசினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ போலிப் பல் செய்திருக்கிறேன், ஆனால் இதுபோல ஒன்று அமைந்ததில்லை. ஒரு வாரத்துக்குள் பல்லி ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருந்தது.

அடைத்தபோது ஒரு சிறிய விஷயம் நடந்தது. அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே, மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியே வடிவதற்கான குழாயின் வாய் இருந்தது. மாவு அதற்குள்ளும் கொஞ்சம் போய் இறுகிவிட்டது. துளைத்து எடுத்திருக்கலாம். எடுத்தால் போலிக் கல்லின் ஓரம் உடைந்து வெள்ளை தெரியும். அவ்வளவு அழகாக வந்ததை யாருக்குக் கெடுக்க மனம் வரும்?

இனி கல்லைப் பற்றி. என் பழைய கிளினிக் அறையில்தான் வேலை எல்லாம். ரம்பத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகக் கல்லைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கல் பிளந்துவிடும். முக்கால் நாள் ஆயிற்று. இரண்டு பாதியும் பிரிந்து விழுந்தபோது, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் கரும்பழுப்பு வளையங்கள், அவற்றைச் சுற்றித் தேன் நிறம், அதற்கும் வெளியே நூல் கனத்தில் ஒரே ஒரு சிவப்பு. அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

காப்பி கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க என்னை இப்படிப் பாக்கலை" என்றாள்.

"அன்னிக்கு உன் முகத்தை யாரு காட்டினாங்க? பூராவும் பூவால்ல மறைச்சிருந்தாங்க" என்றேன். காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மெருகு என்பது பொறுமை, ஐயா. முதலில் சொரசொரப்பான பொடி, அப்புறம் அதைவிட நைசு, அப்புறம் அதைவிட நைசு. ஒவ்வொரு பொடிக்கும் நடுவே கை, நகம், மேசை, துணி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பழைய பொடியில் ஒரே ஒரு துகள் ஒட்டியிருந்தால் போதும், ஒரு வார வேலை கீறலாகிவிடும். என்னைப்போல ஜாக்கிரதையான ஆளை எங்கள் சங்கத்திலேயே பார்க்க முடியாது. எங்களில் ஒருவரான வங்கி மேலாளர் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியில் மூன்று வருடமாகத் தொடர்ந்து முதல் பரிசு வாங்குகிறார். ஆனால் அவர் மெருகில் பூதக்கண்ணாடி வைத்தால் கீறல் தெரியும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்தத் தடவை அவரை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கண்காட்சிக்குப் புதிதாக ஒரு கோட்டு வேண்டும் என்று துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

கோட்டைப் போட்டு அளவு பார்க்கப் போன அன்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் அவருடைய பின்னறையில் நின்றேன். நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சுவர். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அறையில் இரண்டு பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றியிருந்தார்கள்.

டெய்லரின் மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள். "மழை விடறவரைக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறோம் டாக்டர். ராத்திரியெல்லாம் மண்ணு கொட்டற சத்தம் கேக்குது."

"இவ ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார் டெய்லர், என் முதுகில் ஊசி குத்திக்கொண்டே. "ஆனா நீங்க சொல்லுங்க டாக்டர். கல்லைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சுவரைப் பத்துப் பதினஞ்சு நாள் உக்காந்து பாத்தவராச்சே. நிக்குமா?"

ஈறுக்குள் சீழ் கட்டினால் அதற்கு வெளியேற ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் கன்னம் வீங்கும். முதல் வருடப் பாடம். அந்த வீக்கத்தைப் பார்த்ததும் உள்ளே என்ன தேங்கியிருக்கிறது, எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை என்று சொன்னால், அது என் பட்டத்துக்கே கேவலம். ஆனால் வீங்கிய கன்னமெல்லாம் உடைந்துவிடுகிறதா என்ன?

நான் யோசித்தேன். அவர்கள் கிளம்பிப் போனால் அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும். நகராட்சி என்ஜினீயர் வருவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். என் மாவுக் கல் 'டொக்' என்று வேறு குரலில் பேசும். அப்புறம் உண்மையான கல் எங்கே என்று தேடுவார்கள், கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது என் மேசையிலிருந்து எடுத்துப் போவார்கள். கடைசிப் பொடி போடாத நிலையில்.

"எதுக்குங்க இந்த அலைச்சல்?" என்றேன். "பழைய காலத்துக் கட்டடம். மழைக்குக் கொஞ்சம் ஊதும், வெயிலுக்கு உள்ள போயிடும். ஆபத்தா இருந்தா நானே தினம் அந்தச் சந்துல நடப்பேனா?"

டெய்லர் மனைவியைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா?"

அவள் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒருவரின் பயத்தைப் போக்குவது என் தொழிலிலேயே பாதி. டெய்லர் என் கண்முன்னாலேயே போர்வையைப் பிரித்து, மெஷினைப் பழையபடி ஜன்னலோரம் மாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று நகராட்சிக்கு எழுதி வைத்திருந்த மனுவையும் என்னிடமே கொடுத்தார், என்ஜினீயரை எனக்குப் பழக்கம் என்பதால். அது என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

நான் கல் நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக நானே என்ஜினீயரிடம் போவதாகத்தான் இருந்தேன். டைரியில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். மழையைக் காரணம் காட்டிக் கண்காட்சியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டவர் எங்கள் சங்கச் செயலாளர். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் தள்ளிப்போட்டார். முதலில் சொன்ன தேதியிலேயே நடந்திருந்தால், டெய்லர் இன்று உயிரோடு இருப்பார். அவரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பழைய தேதி கழிந்து மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்குச் சுவர் சரிந்து வந்தது. டெய்லர் ஜன்னலோரம் என் கோட்டின் இடது கையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அந்தக் கோட்டுக்குத்தான் பொத்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அதனால் தப்பித்தாள். அந்த வகையில் அந்தக் கோட்டு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. அவரை வெளியே எடுக்க மாலை ஆகிவிட்டது. நானும் நின்றேன். அன்று சாப்பிட முடியவில்லை.

டெய்லரின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்களே டாக்டர்" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். அதை நான் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள்.

கண்காட்சிக்குப் பழைய கோட்டிலேயே போனேன். முதல் பரிசும் வாங்கினேன். வங்கி மேலாளர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என் கல்லை இருபது நிமிஷம் துழாவினார். கீறல் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் கீழே இருந்த சீட்டைப் படித்திருக்கிறார். எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கே கிடைத்தது, என்றைக்கு, எடுத்தவர் யார். ஆற்றங்கரையில் கிடைத்தது என்று எழுதியிருந்தால் நாம் இருவரும் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் பொய்ச் சீட்டு எழுதுகிறவனைக் கல் சேகரிப்பவன் என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'டெய்லர் வீட்டுப் பின்சந்து, தாங்குசுவர், அடியிலிருந்து மூன்றாவது வரிசை' என்று என் கையாலேயே எழுதினேன், தேதியோடு. பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுவர் விழும் என்று தெரிந்தே டெய்லரை அங்கே உட்காரவைத்தேனா? இல்லை. மனதார நம்பித்தான் சொன்னேன், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார். என் மனைவியையும் விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கோட்டு அளவு பார்த்துவிட்டு வந்த அன்று மாலை நாங்கள் இருவரும் நடக்கக் கிளம்பினோம். அவள் வழக்கம்போலச் சந்துப் பக்கம் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, எதிர்ப்பக்கத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். இனிமேல் தப்பித்தவறிக்கூட அந்தச் சந்தில் கால் வைக்காதே என்றேன்.

"ஏங்க?" என்றாள்.

"வெறிநாய் ஒன்னு சுத்துது. கடிச்சா உயிருக்கே ஆபத்து."

அந்தச் சந்தில் நாய் எதுவும் கிடையாது, ஐயா.